பாதி படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவது எப்படி

நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருபவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் "நல்லா இருந்துச்சு மேடம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். படித்து முடிக்காமல் தவணையைப் புதுப்பிக்க வருபவரிடம் அதையே கேட்டுப் பாருங்கள். "அந்தப் பொண்ணு இன்னும் ஏன் அந்த வீட்டுலயே இருக்கான்னு புரியல மேடம்" என்று ஆரம்பிப்பார். கோபம், சந்தேகம், ஊகம் எல்லாம் சுடச்சுட வரும். பின்னால் வரிசையில் நிற்பவர்கூடப் புத்தகத்தின் பெயரை எட்டிப் பார்ப்பார்.

நூல் வழங்கும் மேசையில் பல வருடங்களாக உட்கார்ந்திருப்பவள் நான். ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசத் தோதான நேரம் அதைப் படித்துக்கொண்டிருக்கும் நேரம்தான் என்பது என் உறுதியான எண்ணம். முடிவு தெரிந்துவிட்டால், நடுவில் பட்ட குழப்பமெல்லாம் மனசிலிருந்து போய்விடுகிறது. யாரைச் சந்தேகப்பட்டோம், எந்த இடத்தில் மூடி வைத்துவிடலாமா என்று நினைத்தோம் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் மறந்துபோகும். மிஞ்சுவது "நல்லா இருந்துச்சு" மட்டும்.

இப்படிப் பேசுவதால் நமக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பவணந்தி முனிவர் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே நன்னூல் பாயிரத்தில் பங்கு போட்டுச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் தேறுவது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, நாம் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேர்கிறது. என் மேசையில் தினமும் நடப்பது அந்த அரைப் பங்குதான். சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பலருக்குத் தாங்கள் படித்தது என்ன என்றே தெளிகிறது.

ஆனால் முடித்த புத்தகத்துக்கு மதிப்புரை சொல்வது வேறு, கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது வேறு. இரண்டாவதற்குச் சில பழக்கங்கள் வேண்டும்.

எங்கே இருக்கிறீர்கள்?

முதலில் சொல்ல வேண்டியது இது. "இப்பதான் பாதி" என்றால் போதாது. பக்க எண்ணும் பல நேரம் உதவாது. ஒரே நாவலுக்குப் பல பதிப்பகங்களின் பதிப்புகள் இருக்கும். எழுத்தின் அளவு மாறினால் பக்கம் மாறும். மின்னூலில் படிப்பவருக்குச் சதவீதம் தெரியும், ஒலிநூல் கேட்பவருக்கு மணியும் நிமிடமும் தெரியும். இவர்கள் மூவரும் சந்தித்தால் பொதுவாக இருப்பது பாகமும் அத்தியாயமும்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, பிறகு எத்தனையோ பதிப்புகள் கண்டுவிட்டது. அதில் "எழுநூறாம் பக்கத்தில் இருக்கிறேன்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "மூன்றாம் பாகம், 'கொலை வாள்', பத்தாவது அத்தியாயம்" என்றால் எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருப்பவருக்கும் இடம் தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் "நடை கரடுமுரடு" என்கிறார், இன்னொருவர் "ஆற்றொழுக்காகப் போகுது" என்கிறார் என்றால், இருவர் கையிலும் இருப்பது வேறு வேறு மொழிபெயர்ப்பாகவே இருக்கலாம். இதைக் கவனிக்காமல் நீண்ட நேரம் வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த இடத்தில்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். "அருமை", "சுமார்", "இழுவை", "விறுவிறுப்பு" என்ற சொற்களெல்லாம் ஆயிரம் புத்தகங்களுக்குப் பொருந்தும். உங்கள் கையில் இருக்கும் இந்த ஒன்றைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. அந்தச் சொல் உங்கள் வாயில் வரும்போது, "எந்த இடத்தில்?" என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறைக் கதை ஒன்றைப் புதுப்பிக்கக் கொண்டுவந்தார். தலையணை மொத்தம். "ஒரே இழுவையா இருக்கும்மா. இருந்தாலும் ஆரம்பிச்சாச்சு" என்றார்.

"எந்த இடத்துல சார் இழுக்குது?"

யோசித்தார். கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டி ஓர் அத்தியாயத்தைக் காட்டினார். அப்பா நிலத்தை விற்கும் இடம். பத்திரம் எழுதுபவர் வாசித்துக்காட்டுவதை ஆசிரியர் அப்படியே இறக்கி வைத்திருக்கிறார். கிழக்கே இன்னாருடைய கிணறு, மேற்கே இன்னாருடைய வரப்பு, வடக்கே வண்டிப்பாதை என்று நான்கு எல்லையும் வரிசையாக வருகிறது. "இதெல்லாம் எதுக்கும்மா கதைக்கு?" என்றவர், விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு சற்று நின்றார். "ஆனா பாருங்க, முதல் அத்தியாயத்துல இந்தப் பையன் சின்ன வயசுல இதே கிணத்துலேர்ந்து இதே வண்டிப்பாதை வரைக்கும் காலடி வச்சு அளந்துகிட்டே போவான். எத்தனை அடின்னு அப்பாகிட்ட வந்து சொல்லுவான்." மறுபடி நின்றார். "அதைத்தான் இங்க விக்கிறாங்க."

அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "இழுவைதான். ஆனா தெரிஞ்சேதான் இழுத்திருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் அந்த நாவலைப் படிக்காதவருக்கும் அதன் சுபாவம் தெரிந்துவிடும். முதலில் சொன்ன "ஒரே இழுவை"யில் அது கிடைக்காது. இரண்டுக்கும் நடுவே நடந்தது, விரல் வைத்துக் காட்ட ஓர் இடத்தைத் தேடியது மட்டுமே.

இதைத் தனியாகச் செய்யவும் பழகலாம். படிக்கும்போது மனசு ஒரு கணம் நின்ற இடம் எது என்று பாருங்கள். எரிச்சலில் நின்றிருக்கலாம், சிரித்திருக்கலாம், முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போயிருக்கலாம், வரியைத் தாண்டிக் குதித்திருக்கலாம். குதித்த இடங்களை யாரும் வெளியே சொல்வதில்லை. சொல்லுங்கள். "வர்ணனை வரும் பத்திகளைத் தாண்டிப் போகிறேன், ஆனால் கடிதங்கள் வந்தால் ஒரு வரி விடாமல் படிக்கிறேன்" என்பது நேர்மையான, பயனுள்ள கருத்து.

குறித்து வைக்க ஒரு துண்டுத்தாள் போதும். அத்தியாய எண், ஒரு வரி, முடிந்தால் ஒரு கேள்வி. நூலகப் புத்தகம் என்றால் உள்ளே எழுத வேண்டாம், பென்சிலால்கூட வேண்டாம். பக்க முனையை மடிக்கவும் வேண்டாம். பழைய தாளில் மடிப்பு விழுந்த இடம் சீக்கிரமே ஒடிந்து கையோடு வந்துவிடும். ஒட்டும் சீட்டை நாள்கணக்கில் விட்டுவைத்தால் பசை தாளில் தங்கிவிடும். சாதாரணத் தாளை நறுக்கிச் செருகுவதே நல்லது.

எதைச் சொல்லலாம், எதைத் தள்ளிப்போடலாம்

மறுபடி நன்னூலுக்குப் போகிறேன். ஒரு நூலில் இருக்கக்கூடாத குற்றங்கள் பத்து என்று பவணந்தியார் பட்டியல் போட்டிருக்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பட்டியல். நடுவில் நிற்கும் வாசகருக்கு இது போல் கைகொடுக்கும் கருவி வேறில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பத்தில் எவற்றைப் பாதியிலேயே சொல்லலாம், எவற்றைச் சொல்ல முடியாது என்று தெளிவாகப் பிரிக்கலாம்.

சொன்னதையே சொல்வது, அளவுக்கு மேல் சொல்வது, பிழையான சொற்களைச் சேர்ப்பது, பொருளில்லாமல் சொல்லை அடுக்குவது எல்லாம் பக்கத்திலேயே தெரிபவை. ஐம்பது பக்கத்தில் கதாநாயகியின் கண்ணைப் பற்றி நான்கு முறை ஒரே உவமை வந்திருந்தால், அதைச் சொல்லக் கடைசிப் பக்கம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குன்றக் கூறல் (குறைத்துச் சொல்வது), மாறுகொளக் கூறல் (முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வது), மயங்க வைத்தல் (பொருள் தெளியாமல் குழப்புவது), மற்றொன்று விரித்தல் (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது) நான்கிலும் கவனம் வேண்டும். நன்னூல் நாவலை மனசில் வைத்து எழுதப்பட்டதில்லை. இலக்கண நூலில் முன்னுக்குப்பின் முரண் என்றால் அது பிழை; நாவலில் கதை சொல்பவனே பொய் சொல்பவனாக இருக்கலாம், அந்த முரண்தான் அவனைக் காட்டிக்கொடுக்கும் வழியாக இருக்கலாம். சொல்லாமல் விட்டது பின்னால் சொல்வதற்காக ஒளித்துவைத்ததாகவும் இருக்கலாம். ஆகவே இவற்றைக் கேள்வியாக வைத்துப் பேசுங்கள். "இரண்டாம் அத்தியாயத்தில் அம்மா இறந்துவிட்டாள் என்கிறான், ஏழாவதில் அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. ஆசிரியர் மறந்துவிட்டாரா, இவன் பொய் சொல்கிறானா?" இப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவரும் சேர்ந்து யோசிப்பார்.

சென்று தேய்ந்து இறுதல், அதாவது போகப்போகச் சரக்கு தீர்ந்து சோர்ந்து முடிவது, முழுதும் படித்தவர் மட்டுமே சொல்லக்கூடிய குற்றம். நின்று பயனின்மையும், அதாவது சொற்கள் இருந்தும் பயன் ஒன்றும் இல்லாமல் போவதும், ஏறக்குறைய அப்படித்தான். பாதியில் இருக்கும்போது "இது எங்கேயும் போய்ச் சேராது" என்று தோன்றினால், அதை ஊகம் என்று பெயர் சொல்லியே பேசுங்கள்.

ஊகிப்பது தவறில்லை, படிப்பதன் பெரிய இன்பங்களில் ஒன்று அது. காரணத்தோடு ஊகியுங்கள்: "தம்பிதான் திருடியிருப்பான், ஏனென்றால் சாவியைப் பற்றி அவன் மட்டும் கேட்கவே இல்லை." ஊகம் பொய்த்தால் ஆசிரியரைக் குறை சொல்லத் தோன்றும், அதற்கு முன் ஒரு விஷயம். சார்லஸ் டிக்கன்ஸ் 1860-61இல் வாரத் தொடராக வெளியிட்ட 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு முதலில் ஒரு முடிவை எழுதிவிட்டு, சக எழுத்தாளரான புல்வர் லிட்டன் சொன்னதன் பேரில், அச்சேறும் முன்பே அதை மாற்றிவிட்டார். தொடரைப் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அந்த முதல் முடிவைச் சரியாகவே ஊகித்திருந்தாலும், கையில் வந்த இதழ் அவரைத் தவறு என்றுதான் சொல்லியிருக்கும். ஊகத்தின் மதிப்பு அது பலிப்பதில் இல்லை. அதற்கு நீங்கள் காட்டிய காரணம் பக்கத்தில் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

முடிவை உடைக்காமல்

இருவர் ஒரே புத்தகத்தைப் படிக்கும்போது, பின்னால் இருப்பவர் எங்கே நிற்கிறாரோ அதுவே பேச்சின் எல்லை. முன்னால் போய்விட்டவர் அந்த எல்லைக்குள் இறங்கி வந்து பேச வேண்டும். இந்த ஒரு விதியை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

முடிவு தெரிந்தால் ரசனை கெடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிறுகதைகளைப் படித்தவர்கள் அவற்றைச் சராசரியாகச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்று வந்தது. இருக்கட்டும். அது சிறுகதை, ஒரே உட்காரலில் முடிந்துவிடும். பல இரவுகள் கூடவே வரும் நாவலில் தெரியாமல் இருப்பதைத்தான் பலர் விரும்பி எடுக்கிறார்கள். தெரிந்துகொள்வதா வேண்டாமா என்ற முடிவு அவர்களுடையது. லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகம் 1952இல் தொடங்கியது. காட்சி முடிந்ததும் குற்றவாளி யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களிடம் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் புதிதாக வருபவருக்காக அந்த வேண்டுகோள் நிற்கிறது என்பது எனக்குப் பிடிக்கும்.

கதையைச் சொல்வது மட்டுமே உடைப்பது என்று நினைக்காதீர்கள். "அப்படியா நினைக்கிறீங்க?" என்று ஒரு புன்சிரிப்போடு கேட்டாலே நம் ஊகம் தவறு என்று தெரிந்துவிடுகிறது. "இனிமேதான் இருக்கு விஷயம்", "அவரை நம்பாதீங்க", "கடைசியில ஒரு திருப்பம் இருக்கு" எல்லாமே உடைப்புதான். திருப்பம் இருக்கிறது என்று தெரிந்தவர் அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் சந்தேகத்தோடு படிப்பார். முன்னால் இருப்பவர் செய்யக்கூடிய நல்ல காரியம் கேள்வி கேட்பது: "இதுவரைக்கும் யாரை நம்புறீங்க?", "அந்த ரயில் பயணம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" பதிலைக் கேட்டுவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்து மோதும்போது

"முழுசாப் படிச்சுட்டுப் பேசுங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டவர் அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டுமல்ல, எந்தப் புத்தகத்தைப் பற்றியும் பிறகு உங்களிடம் வாய் திறக்க மாட்டார். உங்களுக்கு உயிரான நாவலை ஒருவர் சலிப்பு என்கிறார் என்றால், அவர் நிற்கும் அத்தியாயத்தில் நீங்கள் நின்றபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பல நேரம் நீங்களும் அங்கே சலித்திருப்பீர்கள்.

கூட்டமாகப் பேசும்போது வயதில் இளையவரை முதலில் பேசவிடுங்கள். மூத்தவர் ஒருவர் "ஆகச்சிறந்த நாவல்" என்று தொடங்கிவிட்டால், பத்தொன்பது வயதுப் பெண் "எனக்குப் புரியலைங்க ஐயா" என்று சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் புரியாத இடம் எது என்பதுதான் அன்றைக்குப் பேசத் தகுந்த விஷயமாக இருந்திருக்கும்.

எழுதி அனுப்புவதானால் ஐந்தாறு வரி போதும். இப்படி:

"இரண்டாம் பாகம், ஐந்தாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளாமலே ஒரே சமையலறையில் வேலை செய்யும் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். பாத்திரம் வைக்கும் சத்தத்திலேயே சண்டை நடக்கிறது. அலுவலகக் காட்சிகளில் அந்த நுணுக்கம் இல்லை, அங்கே எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். தங்கைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன், அப்பாவின் பெயர் வந்தாலே பேச்சை மாற்றுகிறாள். நீங்கள் இதைத் தாண்டியிருந்தால் பதில் சொல்ல வேண்டாம்."

புனைவு அல்லாத நூல்களுக்கும் இதே முறைதான். "இந்த வாதத்தை நம்புகிறேனா, எந்தச் சான்றில் தயங்குகிறேன்" என்று கேட்டுக்கொண்டால் சரி. கவிதைத் தொகுப்பில் பாதி என்று ஒன்று இல்லை. ஒரு கவிதையை முழுதாக எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

விட்டுவிட்டால்

படிக்கத் தொடங்கிய புத்தகத்தை முடிக்காமல் விடுவது வாசகரின் உரிமைகளில் ஒன்று என்று பிரெஞ்சு எழுத்தாளர் தனியேல் பென்னாக் 1992இல் எழுதினார். நானும் அந்தக் கட்சிதான். விட்டதை மறைக்காமல், விட்ட இடத்தையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "மோசமான புத்தகம், விட்டுட்டேன்" என்பதில் யாருக்கும் பயன் இல்லை. "நான்காம் அத்தியாயத்தில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, இப்போது அதைப் படிக்கும் மனநிலையில் நான் இல்லை" என்றால் கேட்பவர் தனக்கு அது சரிப்படுமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

தறி நெய்பவர்களைப் பற்றிய ஒரு நாவலை ஓர் ஆசிரியை மூன்று அத்தியாயத்தோடு திருப்பிக் கொடுத்தார். "கதை நகரவே மாட்டேங்குது மேடம். பாவு ஓட்டுறது, இழை அறுந்தா முடி போடுறதுன்னு பக்கம் பக்கமா வேலையைத்தான் எழுதியிருக்காங்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பெரியவர், "அதைக் கொடும்மா, நான் எடுத்துக்கிறேன். எங்க அப்பா தறியிலதான் உட்கார்ந்திருந்தாரு" என்று கை நீட்டினார். போன வாரம் புதுப்பிக்க வந்தார். ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறார். வேலையைப் பற்றி எழுதியது போதவில்லையாம், கல்யாணப் பேச்சு வந்த பிறகு தறியையே மறந்துவிட்டார்களாம்.